மச்சான் குளத்துக்கு மார்கழிக் காவல்

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற சாலையில் ஓர் ஊர் இருக்கிறது. பெயரைச் சொன்னால் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், ஆகையால் சொல்லவில்லை. அங்கே சென்னியப்பன் என்று ஓர் அரிசி ஆலை முதலாளி. நாற்பது வருஷம் மில்லுக்கும் வீட்டுக்கும் நடந்ததில் அவருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. அவர் மனைவி வசந்தாமணியின் தம்பிகள் மூன்று பேர் அதே வீட்டில் இருந்தார்கள். அவர்களுக்கு எதுவும் தேயவில்லை. உபயோகித்தால்தானே தேயும்.

மூத்தவர் நாச்சிமுத்து. பால் சொசைட்டித் தேர்தலில் நின்று பதினொரு ஓட்டு வாங்கியவர். அன்றிலிருந்து எதைச் சொன்னாலும் தீர்ப்பு மாதிரிதான் சொல்வார். நடுவிலுள்ளவர் தெய்வசிகாமணி, தினமும் பேப்பர் படிப்பவர், ஆகவே சந்தேகம் கேட்பவர். கடைசி குப்புராஜ். வயது நாற்பத்தொன்று, வீட்டில் இன்னும் சின்னப்பையன். அக்காவை ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வந்தவர்கள், இன்னும் பார்த்து முடியவில்லை.

முழங்காலை மாற்றிவிடலாம் என்று கோயம்புத்தூர் டாக்டர் சொன்னார். ஆபரேஷன் முடிந்து ஒன்றரை மாதம் கழித்துத் தினமும் இருபது நிமிஷம் தண்ணீருக்குள் நடக்க வேண்டும், அப்போதுதான் கால் பழைய நிலைக்கு வரும் என்றும் சொன்னார். சென்னியப்பன் எதையும் முன்கூட்டியே செய்கிற மனுஷர். ஆபரேஷனுக்கு முன்பே வீட்டுக்குப் பின்னால் ஒரு நீச்சல் குளம் கட்டிவிட்டார். பெரிய குளம் இல்லை. பன்னிரண்டடிக்கு எட்டடி, ஆழம் நாலடி. விளிம்பை ஒட்டி உள்பக்கமாகச் சுற்றிலும் ஒரு வரிசை நீல டைல்ஸ். பக்கத்தில் ஒரு பாதாம் மரம்.

கார்த்திகைக் கடைசியில் வசந்தாமணியோடு ஆபரேஷனுக்குக் கிளம்பும்போது மூன்று மைத்துனர்களையும் குளக்கரைக்குக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். அதில் அவர் கைப்பட நாலே வரி எழுதியிருந்தார். பொழுது சாய்ந்ததும் குளத்தை மூடவும். வாரம் ஒருமுறை தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்துச் சொட்டு மருந்து விட்டுப் பார்த்து, மஞ்சள் நிறம் வராவிட்டால் பவுடர் போடவும். குளத்தில் இலை விழாமல் பார்த்துக்கொள்ளவும். தண்ணீர் மட்டம் எப்போதும் நீல டைல்ஸுக்கு நடுவில் நிற்க வேண்டும்.

"குளிர்காலத்துல யாரும் குளிக்க மாட்டாங்கன்னு குளத்த சும்மா உட்டுட்டா கெட்டுப்போயிரும் மாப்ள," என்றார் சென்னியப்பன். "தை பொறந்து நான் வந்ததும் நேரா இதுலதான் எறங்கி நடப்பேன். இதுல எழுதியிருக்கறதுல ஒண்ணு தப்புனாலும் சரி, மூணு பேரும் மில்லுக்கு வந்து மூட்டை தூக்கோணும்."

மூட்டை என்ற சொல்லைக் கேட்டதும் குப்புராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. நாச்சிமுத்து தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எழுத்து மாறாம செய்வோம்ங்க மச்சான்," என்றார். அந்த நிமிஷமே சென்னியப்பன் பயந்திருக்க வேண்டும். முழங்கால் வலியில் கவனிக்கவில்லை.

தண்ணீரைச் சுற்றவிடுகிற மோட்டாரை மட்டும் அவர் யாரிடமும் ஒப்படைக்கவில்லை. தானே ஓடித் தானே நிற்கும்படி வைத்துவிட்டுப் போனார். அது கடைசி வரைக்கும் ஒழுங்காக வேலை செய்தது. யாரும் அதைப் பராமரிக்காததுதான் காரணம்.

முதல் நாள் சாயங்காலமே மூடுகிற வேலை வந்தது. குளத்தின் அளவுக்கே வெட்டித் தைத்த தார்ப்பாய் ஒன்று மூலையில் சுருட்டி வைத்திருந்தது. மூன்று பேரும் அதைச் சுற்றி நின்றார்கள். நம் ஊர் மார்கழிக் குளிர் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். காலை ஏழு மணிக்கு ஒரு சட்டை போட்டால் போதும், எட்டு மணிக்கு அதுவும் அதிகம். ஆனால் இவர்கள் மூவரும் குரங்குக் குல்லாய், மப்ளர், இரண்டு பனியன் என்று இமயமலை ஏறுகிறவர்கள் போல நின்றார்கள்.

"அண்ணா, இந்தப் பாயத் தொட்டாலே சில்லுன்னு இருக்குதுங்," என்றார் தெய்வசிகாமணி. "குளிருக்குன்னு மூடறோம். நாம ராத்திரி தார்ப்பாயவா போத்திக்கறோம்?"

நாச்சிமுத்து கண்ணை மூடி யோசித்தார். "குளிருக்கு மூடறதுன்னா போர்வைதான்டா," என்று தீர்ப்பு வந்தது.

வசந்தாமணி பீரோவில் சீர் வரிசைக்கென்று வாங்கி வைத்திருந்த சென்னிமலைப் போர்வை பதினொன்று வெளியே வந்தது. விரித்த வேகத்தில் ஒவ்வொன்றும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு அடிக்குப் போனது. குளம் நன்றாக இழுத்துப் போர்த்திக்கொள்கிறது என்று குப்புராஜ் சந்தோஷப்பட்டார். காலையில் பதினொன்றையும் வெளியே இழுத்து, தோட்டத்துக்குத் தூக்கிப்போய், ஆளுக்கொரு முனை பிடித்துப் பிழிந்து, தென்னை மரங்களுக்கு நடுவே காயப்போட்டார்கள். சாயங்காலம் மறுபடி போர்த்தினார்கள். தென்னைகளுக்கு அந்த வருஷம் நல்ல தண்ணீர்.

வீட்டு வேலை பார்க்கிற நஞ்சம்மா இதை ஐந்து நாள் பார்த்தாள். ஆறாம் நாள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள்.

"ஏனுங், தண்ணி ஒரு வெரல் கொறஞ்சுபோச்சுங்களே. போர்வை குடிக்கறதப் பூரா தோட்டத்துல ஊத்துனா கொளத்துல என்னங்க இருக்கும்?"

மூவரும் குனிந்து பார்த்தார்கள். தண்ணீர் டைல்ஸின் நடுவில் இல்லை, அடி விளிம்பை நோக்கி இறங்கியிருந்தது. நாச்சிமுத்து தாளை எடுத்து நாலாவது வரியை மூன்று முறை படித்தார்.

"லாரித் தண்ணி ஒண்ணு சொல்லிட்டா ஆச்சுங்," என்றாள் நஞ்சம்மா.

"தண்ணி ஊத்துங்கன்னு இதுல எங்கியாச்சும் இருக்குதா?" என்று நாச்சிமுத்து தாளை அவளிடம் நீட்டினார். "மட்டம் நிக்கோணும்னுதான் இருக்குது. இல்லாததச் செஞ்சுட்டு நாளைக்கு மூட்டை தூக்கறது யாரு, நீயா?"

நஞ்சம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மட்டத்தைப் பற்றி என்ன செய்வது என்று புரியாததால், அந்த வரியை ஒத்திவைத்து மற்ற வரிகளைப் பார்ப்பது என்று மூவரும் முடிவு செய்தார்கள்.

சோதனைக்கு வந்தார்கள். கண்ணாடிக் குழாயில் குளத்துத் தண்ணீரை எடுத்து, சொட்டு மருந்து விட்டு, மூன்று தலைகளும் முட்டிக்கொள்ளும்படி பார்த்தார்கள். மஞ்சள் வரவில்லை.

"பவுடர் போடோணும்," என்றார் தெய்வசிகாமணி. "எதுலங்ணா போடறது?"

"கொறை எதுல தெரிஞ்சுது?"

"குழாய்லங்."

"அப்ப மருந்து எதுல போடுவே? காய்ச்சல்காரன் ஒருத்தன் இருக்கறப்ப ஊருக்கே ஊசி போடுவியா?"

இதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது. குப்புராஜ் விரல் நுனியில் ஒரு சிட்டிகை குளோரின் பவுடரை எடுத்துக் குழாயில் போட்டார். உடனே குழாய்த் தண்ணீர் எலுமிச்சம்பழ மஞ்சளாகிவிட்டது. மூவரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குழாய்க்கு வைத்தியம் நடந்தது, குழாயும் ஒவ்வொரு வாரமும் தேறி வந்தது. பவுடர் டப்பா இரண்டு வருஷத்துக்கு வரும் என்று கணக்குப் போட்டு, மச்சானுக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்த பெருமையில் இருந்தார்கள். குளம் மட்டும் மெல்லப் பச்சை கட்ட ஆரம்பித்தது. தாளில் குளத்தின் நிறத்தைப் பற்றி எதுவும் எழுதாததால் அதை யாரும் பார்க்கவில்லை.

மார்கழி பாதியில் பாதாம் மர இலைகள் சிவந்தன. முதல் இலை ஒன்று சுழன்று சுழன்று இறங்கித் தண்ணீரில் உட்கார்ந்தபோது குப்புராஜ் அழுதே விட்டார்.

இலை அள்ளுவதற்கென்று நீளக் கம்பில் கட்டிய வலை ஒன்று அங்கேயே சாத்தியிருந்தது. அதை எடுக்கப் போன தெய்வசிகாமணியை நாச்சிமுத்து தடுத்தார். "வலை, விழுந்த எலைக்கு. நமக்கு எலை விழவே கூடாது. வலையக் கையில எடுத்தா விழுந்துச்சுன்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி."

"அப்ப என்னங்ணா பண்றது?"

"கட்டோணும்."

திருப்பூரிலிருந்து ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் வந்தது. ஏணி வைத்து ஏறி, துணியைக் கிழித்துக் கிழித்து, ஒவ்வொரு இலையையும் அதன் கிளையோடு சேர்த்துக் கட்டினார்கள். கட்டிய இலைகளைக் குப்புராஜ் உரக்க எண்ணினார். மூன்றாம் நாள் தூரத்திலிருந்து பார்த்தால், மரம் ஏதோ வேண்டுதலுக்குக் கட்டுப்போட்டுக்கொண்டது போலிருந்தது. குளத்துக்கு நேர் மேலே ஒரு கிளைதான் பாக்கி. அதில் குப்புராஜ் கட்டினார். அவருக்குத் துணி கொடுக்கத் தெய்வசிகாமணி அதே கிளைக்கு ஏறினார். இருவரும் சரியாகக் கட்டுகிறார்களா என்று மேற்பார்வை பார்க்க நாச்சிமுத்துவும் அதே கிளையில் கால் வைத்தார்.

கிளை முறிந்தது. அண்ணன்மார் இருவரும் தோட்டத்துப் பக்கம் விழுந்தார்கள். குப்புராஜ் கிளையோடும் நூற்று முப்பது இலையோடும் குளத்தில் விழுந்தார்.

"ஒரு எலைகூடத் தனியா விழலீங்ணா," என்று தண்ணீருக்குள்ளிருந்து குரல் வந்தது. "அத்தனையும் கட்டுனபடியே இருக்குது."

கிளையைக் கரைக்கு இழுத்துப் போட்ட தெய்வசிகாமணி அப்படியே நின்றுவிட்டார். அவர் பார்வை டைல்ஸில் இருந்தது. "அண்ணா, இங்க வாங்க. மட்டம் ஏறியிருக்குது."

உண்மைதான். குப்புராஜ் கழுத்தளவு உட்கார்ந்திருக்க, தண்ணீர் அரை விரல் உயர்ந்திருந்தது. எழுந்து வெளியே வா என்றார்கள், அரை விரல் இறங்கியது. உட்காரு என்றார்கள், ஏறியது. இப்படி ஏழெட்டு முறை அவரை ஏற்றி இறக்கிவிட்டு நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டினார். அவரும் இறங்கினார். தெய்வசிகாமணியும் இறங்கினார். மூன்று பேரும் கழுத்து வரை மூழ்கி உட்கார்ந்தபோது, தண்ணீர் நீல டைல்ஸின் நட்ட நடுவில் வந்து நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர்களுக்கு ஓர் உத்தியோகம் கிடைத்திருக்கிறது.

அன்று முதல் விடிந்ததும் இறங்குவார்கள், பொழுது சாய்ந்ததும் ஏறிக் குளத்தைப் போர்த்திவிட்டுப் போய்ப் படுப்பார்கள். போர்த்திவிட்டால் மட்டம் யார் கண்ணுக்கும் தெரியாதாம், அதனால் ராத்திரிக்கு விடுமுறை. காலையில் போர்வைகளைத் தண்ணீரில் நின்றபடியே பிழிந்ததால், தண்ணீர் குளத்திலேயே விழுந்து மட்டம் மேற்கொண்டு இறங்கவில்லை. இதை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை, தங்கள் விடாமுயற்சிதான் காரணம் என்று நினைத்தார்கள். உடம்பு முழுக்கத் தண்ணீரில், தலையில் மட்டும் குரங்குக் குல்லாய். குளிர் தலை வழியாகத்தான் இறங்கும் என்று தெய்வசிகாமணி பேப்பரில் படித்திருந்தார்.

நஞ்சம்மா இட்லியும் காப்பியும் குளக்கரையிலேயே கொண்டுவந்து வைத்தாள். யாராவது ஒருவர் அவசரமாக வெளியே போக வேண்டி வந்தால், அவர் திரும்பும் வரைக்கும் பழைய ஆட்டுக்கல் ஒன்றைக் கயிறு கட்டி அந்த இடத்தில் இறக்கினார்கள். வந்ததும் அதை ஏற்றிவிட்டு ஆள் இறங்குவார்.

"ஏனுங், அந்த மாதிரி மூணு கல்லப் போட்டுட்டு நீங்க மூணு பேரும் ஊட்டுக்குள்ள இருக்கலாமுங்களே," என்றாள் நஞ்சம்மா ஒருநாள்.

நாச்சிமுத்து அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "மச்சான் பொறுப்ப நம்ம கைல குடுத்தாரா, கல்லு கைல குடுத்தாரா?"

ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னியப்பன் கட்டிலில் படுத்தபடி வீடியோவில் கூப்பிடுவார். போனை நஞ்சம்மா பிடிக்க, நாச்சிமுத்து கையை நீட்டி டைல்ஸை மட்டும் காட்டுவார். தண்ணீர் நடுக்கோட்டில் அசையாமல் நிற்கும். "பரவால்லியே மாப்ள," என்பார் சென்னியப்பன். அந்த ஒரு வார்த்தைக்காக மூவரும் அடுத்த வாரம் முழுக்க ஊறினார்கள்.

பொங்கல் முடிந்து பத்து நாள் ஆனது. வசந்தாமணி போன் செய்து, நாளை மறுநாள் வருகிறோம் என்றாள். "கொளத்துத் தண்ணி நாங்க கெளம்பறப்ப இருந்த மாதிரி நீலமா இருக்குதல்லொ? உங்க மச்சான் அதச் சொல்லிச் சொல்லியே வலியப் பொறுத்துக்கிட்டு இருக்கறாரு."

அப்போதுதான் மூவரும் தாங்கள் உட்கார்ந்திருக்கும் தண்ணீரைப் பார்த்தார்கள். மருதாணி அரைத்த அம்மியைக் கழுவிய தண்ணீரின் நிறத்தில் இருந்தது. குப்புராஜ் கையை வெளியே எடுத்தார், விரலிடுக்கில் பாசி.

"அந்தப் பவுடரக் கொளத்துல போட்டிருந்தா இப்படி ஆயிருக்குமுங்களா?" என்றாள் நஞ்சம்மா.

"சோதனைல ஒரு வாரங்கூடத் தவறாம மஞ்சள் வந்திருக்குது," என்றார் தெய்வசிகாமணி வருத்தத்தோடு. "தண்ணி சுத்தமாத்தான் இருக்குது நஞ்சக்கா. நெறந்தான் செரியில்ல."

நிறம்தான் கோளாறு என்றால் அதற்கு வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெள்ளை வேட்டி மங்கினால் என்ன போடுவோம்? காங்கேயம் கடைவீதியில் இருந்த சொட்டு நீலம் அத்தனையும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கியது. நூற்றெண்பது பாட்டில். மட்டம் குறையக் கூடாதே, அதனால் மூவரும் உள்ளேயே உட்கார்ந்தபடி ஒவ்வொன்றாகத் திறந்து கவிழ்த்தார்கள். குப்புராஜ் துடுப்புப் போடுகிற மாதிரி கையால் கலக்கினார். சாயங்காலத்துக்குள் குளம் நீலமாகிவிட்டது. அப்படி ஒரு நீலத்தை அந்த மாவட்டமே பார்த்திருக்காது. அடுத்த நாளும் அதில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

சென்னியப்பன் ஒரு கையில் ஊன்றுகோலும் மறு கையில் வசந்தாமணியின் தோளுமாக வந்து இறங்கினார். வீட்டுக்குள் போகவில்லை. சொன்னபடி நேராகப் பின்பக்கம் போனார். வெயிலில் குளம் நீலமாக மின்னியது. ஓர் இலை இல்லை. தண்ணீர் டைல்ஸுக்கு நடுவில் நூல் பிடித்தாற்போல நின்றது. மூன்று குல்லாய்த் தலைகள் தண்ணீருக்கு மேலே அவரைப் பார்த்துச் சிரித்தன.

மனுஷர் ஊன்றுகோலைக் கீழே போட்டார். ஒன்றரை மாதமாகப் படுக்கையில் கிடந்து, காலை அசைத்தால் உயிர் போகிற வலியைப் பொறுத்தது இந்தத் தண்ணீரை நினைத்துத்தான். "பாரு வசந்தா," என்றார். "நான் எறங்கறதுக்கு முன்னால தண்ணி எதமா இருக்குதான்னு எறங்கிப் பாத்துக்கிட்டிருக்கறாங்க. ஒன்பது வருஷமா இவிங்கள தப்பா நெனச்சுட்டேன்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, படி படியாக இறங்கினார். தண்ணீர் இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது. கால் பாரம் குறைந்து லேசானது. "ஆகா," என்று கண்ணை மூடினார். முதல் அடியை எடுத்து வைத்தார்.

"அண்ணா," என்றார் குப்புராஜ் மெதுவாக. "ஏறிடுச்சுங்."

மூன்று தலைகளும் டைல்ஸ் பக்கம் திரும்பின. தண்ணீர் நடுக்கோட்டைத் தாண்டி ஒரு விரலுக்கு உயர்ந்திருந்தது. சென்னியப்பன் நல்ல கனத்த சரீரம்.

"நில்லுங்க மச்சான்," என்றார் நாச்சிமுத்து. முகம் கறுத்துவிட்டது. "அசையாதீங்க. நாலாவது வரி தப்புது."

"என்ன வரி?"

"ஒருத்தர் ஏறியாகோணும்," என்றார் தெய்வசிகாமணி. "குப்பு, நீ ஏறிப் பாரு."

குப்புராஜ் எழுந்து படியேறினார். கழுத்துக்கு மேலே மாநிறமாகவும், கழுத்துக்குக் கீழே உள்ளங்கால் வரைக்கும் நல்ல நீலமாகவும் வெயிலில் நின்றார். வசந்தாமணி வீலென்று கத்தினாள். சென்னியப்பன் அவரைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் வேட்டியைப் பார்த்தார். பிறகு தன் கையைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"இன்னும் அரை வெரல் அதிகமாத்தான் இருக்குது," என்றார் நாச்சிமுத்து. அவர் கண் டைல்ஸை விட்டு அசையவில்லை. "நீ மறுபடி எறங்கு. மச்சான் ஒருத்தரு ஏறுனாத்தான் கணக்கு செரியா வரும்."

"டேய்," என்றார் சென்னியப்பன். "மூணு பேரும் வெளிய போங்கடா."

"நாங்க மூணு பேரும் வெளிய வந்தா எவ்வளவு கொறையுமுன்னு உங்களுக்குத் தெரியாதுங்க மச்சான், நாங்க பாத்திருக்கறோம்." நாச்சிமுத்து குல்லாயைத் தூக்கி, நனையாமல் உள்ளே மடித்து வைத்திருந்த தாளை எடுத்து விரித்தார். "எப்போதும் நடுவில் நிற்க வேண்டும். உங்க கையெழுத்துதானுங்களே. தப்புனா மூட்டை தூக்கோணும்னு சொன்னதும் நீங்கதான்."

சென்னியப்பன் தாளைப் பார்த்தார். அவர் கையெழுத்துதான். வசந்தாமணியும் நஞ்சம்மாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரைக் கரையேற்றி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மார்பு வரைக்கும் இளநீலம் ஏறியிருந்தது. குப்புராஜ் மறுபடி இறங்கிக் கழுத்து வரை மூழ்கினார். தண்ணீர் நடுக்கோட்டுக்கு வந்து நின்றது.

"நான் நடக்கோணுமேடா," என்றார் சென்னியப்பன். இப்போது அவர் திட்டவில்லை, கெஞ்சினார். "இன்னைக்கே ஆரம்பிக்கோணும்னு டாக்டரு சொல்லியிருக்கறாரு. இருவது நிமிஷம். இல்லீன்னா கால் மடங்காமயே போயிருமாம்."

இது மூவருக்கும் உறைத்தது. மச்சான் கால் அல்லவா. தலைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு ரகசியமாக ஆலோசித்தார்கள். கடைசியில் நாச்சிமுத்து நிமிர்ந்தார். அவர் முகத்தில் அவ்வளவு பரிவை அவர் பிறந்ததிலிருந்து வசந்தாமணி பார்த்ததில்லை.

"இதுக்கா மச்சான் கவலப்படறீங்க. நாங்க எதுக்கு இருக்கறோம்? நீங்க கடியாரத்த மட்டும் பாத்துக்கங்க."

கழுத்தளவுத் தண்ணீரில் முழங்காலை மடக்கியபடியே மூவரும் ஒருவர் பின்னால் ஒருவராக நடக்க ஆரம்பித்தார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி. ஒருவரும் சிரிக்கவில்லை. மட்டம் இம்மியும் மாறவில்லை. சரியாக இருபது நிமிஷம் ஆனதும் நின்றார்கள். குப்புராஜுக்கு மேல்மூச்சு வாங்கியது. கரையோரம் வந்து, விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியை அண்ணாந்து பார்த்து அக்கறையோடு கேட்டார்.

"இப்ப முட்டி எப்படி இருக்குதுங்க மச்சான்? கொஞ்சம் தேவலையா?"